பிடித்த எழுத்தாளர் எழுதக் கற்றுத் தருவாரா?

நிறையப் படித்தால் எழுத்து தானாக வரும் என்று சொல்லாத தமிழாசிரியர் அரிது. கட்டுரைப் போட்டிப் பரிசளிப்பிலும் புத்தகக் கண்காட்சி மேடையிலும் இதையே கேட்கிறோம். ஒரு பிள்ளை நேசிக்கும் எழுத்தாளரையோ நூலையோ முன்னால் வைத்தால் அந்தப் பிள்ளை எழுதத் தொடங்குமா? தொடங்கினால், வருவது அந்தப் பிள்ளையின் எழுத்தா, எழுத்தாளரின் நகலா? ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். விடைகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஆனால் அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மறுப்பவர்கள் பலரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பது தெரிகிறது. 'மாதிரி' என்ற ஒரே சொல்லால் சிலர் முடிந்த நூலைக் குறிக்கிறார்கள், சிலர் அதை வைத்துச் செய்யும் பயிற்சியைக் குறிக்கிறார்கள், இன்னும் சிலர் எழுதிக்கொண்டிருக்கும் மனிதரையே குறிக்கிறார்கள்.

பார்த்து எழுதும் பள்ளி

மேற்கில் இதற்கு மிக விரிவான பழைய விடை ரோமிலிருந்து வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் சொற்பொழிவாளர் பயிற்சி பற்றிப் பன்னிரண்டு பகுதிகளாக நூல் எழுதிய குவின்டிலியன், பத்தாம் பகுதியில் மாணவர் எந்தெந்த எழுத்தாளரைப் படிக்க வேண்டும் என்று நீண்ட பட்டியல் தருகிறார். அடுத்த இயலிலேயே போலச்செய்தலைப் பற்றி எழுதும்போது, அது மட்டும் போதாது என்கிறார். முன்னோர் எல்லாரும் தமக்கு முன்னிருந்தவரைப் பார்த்துச் செய்வதோடு நின்றிருந்தால் புதிதாக எதுவும் பிறந்திருக்காது என்பது அவர் வாதம். போலச்செய்தலை ஆதரித்த பள்ளியே அதன் எல்லையையும் சொல்லிவிட்டது. பின்னால் வந்த எதிர்ப்பாளர்கள் இதைப் பெரும்பாலும் கவனிக்கவில்லை.

கிரேக்க, ரோமானியப் பள்ளிகளின் பயிற்சி வரிசையில் முதலில் ஒரு நீதிக்கதையைத் தன் சொல்லில் திரும்பச் சொல்ல வேண்டும். பிறகு அதை விரிக்கவும் சுருக்கவும் வேண்டும். மேல்படிகளில், காவியத்தில் வரும் ஒருவர் குறிப்பிட்ட தருணத்தில் என்ன பேசியிருப்பார் என்று அவர் குரலில் எழுத வேண்டும். இந்த வரிசை மறுமலர்ச்சிக் காலம் வரை ஐரோப்பியப் பள்ளிகளில் உயிரோடு இருந்தது. 1512இல் எராஸ்மஸ், உங்கள் கடிதம் மகிழ்ச்சி தந்தது என்ற சாதாரணமான ஒரு லத்தீன் வாக்கியத்தை நூற்றுக்கு மேற்பட்ட விதங்களில் திருப்பி எழுதிக் காட்டினார்.

இந்தப் பள்ளியின் சாட்சியாக அடிக்கடி அழைக்கப்படுபவர் பெஞ்சமின் பிராங்க்ளின். லண்டனில் அடிசனும் ஸ்டீலும் நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' இதழ்த் தொகுப்பு ஒன்று இளவயதில் அவர் கைக்குக் கிடைத்தது. அவர் செய்ததைத் தன்வரலாற்றில் படிப்படியாகச் சொல்கிறார். கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கருத்தை மட்டும் சிறு குறிப்பாக எழுதுவார். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல், குறிப்புகளிலிருந்து கட்டுரையை மறுபடி எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்துவார். சொல்வளம் போதவில்லை என்று பட்டதும் உரைநடையைச் செய்யுளாக்கி, மறந்த பிறகு மீண்டும் உரைநடையாக்கினார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, வாரங்கள் கழித்து ஒழுங்குபடுத்தப் பார்த்தார். கட்டுரையின் அமைப்பைக் கற்க அது வழி. அடிசனைப் படித்ததால் மட்டும் வந்த எழுத்து அல்ல இது. அடிசனை மூடிவைத்துவிட்டு எழுதியதால் வந்தது.

சாட்சியில் ஒரு குறை உண்டு. பிராங்க்ளின் யாரும் சொல்லாமல் தானே அந்த நூலைத் தேர்ந்தார், தானே முறையை வகுத்தார். அதே பயிற்சியைப் பிரம்புக்குப் பயந்து செய்து எதுவும் எழுதாமல் போனவர்கள் தன்வரலாறு எழுதவில்லை.

வழிநூல் என்னும் அனுமதி

திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நிகண்டு என்று மனப்பாடம் நடந்தது. பிள்ளைகளை எழுத்தாளராக்குவது அதன் நோக்கம் அல்ல. எழுத்தறிவும் கணக்கும் நீதியும் வந்தால் போதும். யாப்பு கற்க விரும்பியவர் தனியாகப் புலவரைத் தேடிப் போனார். ஆகவே 'அந்தக் காலத்தில் மனப்பாடம் செய்தே கவிஞரானார்கள்' என்று இன்று சொல்வது இரண்டு வேறு கல்விகளைக் கலக்கிறது.

தமிழ்க் கோட்பாடு இதைவிடக் கூர்மையானது. தொல்காப்பிய மரபியல் நூலை முதல் நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. வழிநூல் செய்யும் முறைகள் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கு. நன்னூல் சார்பு நூலையும் சேர்க்கிறது. வழிநூல் முன்னோர் கருத்தோடு முழுதும் ஒத்திருக்க வேண்டும், ஆனால் பின்னால் வந்தவர் தேவையென்று கருதும் வேறுபாட்டையும், அதாவது விகற்பத்தையும், கொண்டிருக்க வேண்டும் என்கிறார் நன்னூலை எழுதிய பவணந்தி. போலச்செய்தலுக்கு அனுமதியும் மாறுபடச் சொல்லும் கட்டளையும் ஒரே விதியில் இருக்கின்றன. இது பள்ளிப் பயிற்சிக்கு வகுத்த விதி அல்ல, நூல் செய்வோருக்கான விதி என்பதை மறக்கக்கூடாது. என்றாலும், மாணவருக்குக் கொடுக்கும் வேலையை அளக்க இதைவிட நல்ல அளவுகோலை நான் பார்க்கவில்லை.

நடைமுறை எப்படி இருந்தது என்பதற்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' சாட்சி. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த அவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று நூல் நூலாகப் பாடம் கேட்டார். அதோடு இன்னொன்றும் நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடிய மகாவித்துவான், செய்யுளை வாயால் சொல்லச் சொல்ல, அருகிலிருந்த மாணவர் ஏட்டில் எழுதினார்கள். முடிந்த செய்யுளைப் படிப்பதும், ஒரு செய்யுள் கண்ணெதிரே அடியடியாக உருவாவதைக் கேட்டு எழுதுவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் திரும்ப வருவோம்.

வழிநூலுக்கும் களவுக்கும் நடுவே உள்ள கோடு நவீன இலக்கியத்திலும் சிக்கலாகவே இருந்தது. 1930களில் தழுவலா மொழிபெயர்ப்பா என்று நடந்த விவாதத்தில் புதுமைப்பித்தன் தழுவலைக் கடுமையாக எதிர்த்தார். பின்னாளில் அவருடைய கதைகள் சிலவே மாப்பசான் கதைகளின் தழுவல்கள் என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டினர். பெரிய எழுத்தாளருக்கே தெளிவில்லாத கோட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளை தாண்டினால் உடனே 'காப்பி' என்று சிவப்பு மையால் எழுதுவது கொஞ்சம் அவசரம்தான்.

மாதிரியை எதிர்த்தவர்கள்

1759இல் இங்கிலாந்தில் எட்வர்டு யங், சுயமாகப் பிறக்கும் எழுத்தைச் செடிக்கு ஒப்பிட்டு, போலச்செய்த எழுத்தைக் கைவினைப் பண்டமாகத் தாழ்த்தினார். ரொமான்டிக் காலம் இந்தக் கருத்தைப் பெரிதாக வளர்த்தது. வகுப்பறைக்கு அது முழுதாக வந்து சேர இருநூறு ஆண்டுகள் ஆயின. 1972இல் டொனால்டு மர்ரே எழுத்தை முடிந்த பொருளாக அல்ல, செயல்முறையாகக் கற்பிக்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு பீட்டர் எல்போ ஆசிரியரே இல்லாமல் எழுதுவதைப் பற்றி நூல் எழுதினார். வகுப்பில் செவ்வியல் கட்டுரையை அலசிவிட்டு 'இதுபோல் எழுது' என்றால், அந்தக் கட்டுரைக்குப் பின்னால் கிழித்துப் போட்ட பத்துக் காகிதங்கள் மாணவருக்குத் தெரியாது என்பது இவர்களுடைய நியாயமான குறை. பிழையில்லாத பக்கத்தைப் பார்த்து மிரண்டு போகும் பிள்ளைகள் எந்த ஊரிலும் உண்டு.

இவர்களுக்கு மறுப்பு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1980களில் சிட்னியில் ஜிம் மார்ட்டின், ஜோன் ராதரி முதலியோர் வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளோடு வேலை செய்தனர். மாதிரியை எடுத்துவிட்டு 'உன் மனத்திலிருந்து எழுது' என்று சொன்னால், வீட்டில் புத்தகமும் பத்திரிகையும் உள்ள பிள்ளை ஏற்கெனவே உள்வாங்கிய மாதிரியை வைத்து எழுதிவிடும், இல்லாத பிள்ளை தவிக்கும் என்றனர் இவர்கள். எனவே மாதிரியை வெளிப்படையாகப் பிரித்துக் காட்டி, ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து ஒன்றை எழுதி, அதன்பின் தனியாக எழுதவிடும் மூன்று படி முறையை வகுத்தார்கள். முறை அச்சாக இறுகிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. அது எப்படி இறுகும் என்று தெரிந்துகொள்ள நாம் சிட்னிக்குப் போக வேண்டியதில்லை. குறிப்புச்சட்டகம், முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று மதிப்பெண் பிரித்த நம் பொதுக்கட்டுரையே போதும்.

புலியிடம் கேட்ட கேள்விகள்

இந்த இரு தரப்புக்கும் நடுவே நின்று வேறொன்றைச் செய்து பார்த்தவர் கவிஞர் கென்னத் கோக். நியூயார்க்கின் அறுபத்தோராம் எண் பொதுப்பள்ளியில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குக் கவிதை எழுதச் சொல்லிக்கொடுத்த அவர், 1973இல் வந்த இரண்டாவது நூலில், பெரியவர்களுக்கே கடினம் எனப்படும் கவிஞர்களைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனதை விவரித்தார். வில்லியம் பிளேக்கின் புலிக் கவிதையை வாசித்துக் காட்டியபின், அதன் பொருளை எழுதச் சொல்லவில்லை, அதுபோல் எழுதவும் சொல்லவில்லை. அந்தக் கவிதை முழுதும் ஒரு விலங்கிடம் கேட்கும் கேள்விகளால் ஆனது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். நீங்கள் ஒரு விசித்திரமான, அழகான உயிரோடு பேச முடிகிறது, என்ன கேட்பீர்கள் என்றார். வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸின் குளிர்பெட்டிப் பழக் கவிதைக்கு, மன்னிப்புக் கேட்க வேண்டிய, ஆனால் செய்ததற்கு உள்ளூர மகிழும் ஒரு காரியத்தைப் பற்றி எழுதுங்கள் என்றார்.

கோக் நூலிலிருந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தது நடையையோ சொல்லையோ அல்ல. அந்தக் கவிதையை இயக்கும் ஒரு செயலை மட்டும் கழற்றிக் கொடுத்தார். நன்னூல் மொழியில் சொன்னால், ஒத்துப்போக வேண்டியது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் பிள்ளையின் விகற்பம். எதிர்ப்பும் வந்தது. சிறார் கவிஞர் மைரா கோன் லிவிங்ஸ்டன் 1984இல் எழுதிய நூலில், குழந்தை இயல்பாகவே கவிஞர் என்ற நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தினார். சூத்திரம் கொடுத்தால் சூத்திரத்துக்கு ஏற்ற வரிகள் வரும், அவற்றை உடனே கவிதை என்று கொண்டாடுவது பிள்ளைக்கு நல்லதல்ல என்ற கவலை இன்றும் பொருத்தமானது. கோக்கின் நூல்களில் உள்ள பிள்ளைக் கவிதைகள் தேர்ந்தெடுத்தவை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எண்கள் சொல்வது

அளந்து பார்த்தவர்கள் கண்டது பலருக்கு ஏமாற்றம் தரும். ஜார்ஜ் ஹில்லாக்ஸ் 1986இல் எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாதிரிகளைப் படிக்கவைப்பதன் விளைவு 0.22. ஸ்டீவ் கிரகாமும் டோலோரஸ் பெரினும் 2007இல், நான்கு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான மாணவர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது அது 0.25. இந்த அளவையில் 0.2 சிறியது, 0.8 பெரியது என்பது வழக்கமான உத்தேசம். திட்டமிடுதல், திருத்துதல் ஆகிய உத்திகளை நேரடியாகக் கற்பிப்பதற்கு அதே 2007 தொகுப்பில் 0.82 கிடைத்தது. இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்துவதற்குக் கிடைத்ததோ எதிர்மறை எண், -0.32. மாதிரி நூல் இலக்கண வகுப்பைவிட எழுத்துக்கு நல்லது, ஆனால் நாம் நம்பும் அளவுக்கு இல்லை என்று இதைப் படிக்கலாம்.

ஆனால் இந்த எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. இவ்வகை ஆய்வுகள் பெரும்பாலும் சில வாரங்களில் எழுத்தின் தரம் எவ்வளவு உயர்ந்தது என்று பார்ப்பவை. ஒரு நூலைப் படித்ததால் ஒருவர் பத்தாண்டு கழித்து எழுதத் தொடங்கினால் அது எந்தக் கணக்கிலும் வராது. மாணவருக்கு அந்த நூல் பிடித்திருந்ததா என்பதும் இந்த எண்களுக்குள் இல்லை. நம் கேள்வியின் உயிர்ச்சொல்லே 'பிடித்த' என்பதுதானே.

மாதிரி படைப்பாற்றலைக் கட்டிப்போடுமா என்பதற்கும் ஒற்றை விடை இல்லை. ஸ்டீவன் ஸ்மித், தாமஸ் வார்டு, ஜே ஷூமாக்கர் ஆகியோர் 1993இல் வெளியிட்ட சோதனைகளில், கற்பனை விலங்கு ஒன்றை உருவாக்கச் சொல்லப்பட்டவர்களில் சிலருக்கு முன்னதாக எடுத்துக்காட்டுகள் காட்டப்பட்டன. நான்கு கால், உணர்கொம்பு, வால் என்று அவற்றில் இருந்தவை இவர்களுடைய விலங்குகளிலும் தலைகாட்டின. வேறுபடுத்திச் செய்யுங்கள் என்று சொன்ன பிறகும் அந்தச் சாயல் போகவில்லை. மறுபக்கம், தாகேஷி ஒகாடாவும் கென்தாரோ இஷிபாஷியும் 2017இல், தமக்குப் பழக்கமில்லாத பாணியிலுள்ள ஓவியங்களைப் பார்த்து வரைந்தவர்கள் பிறகு தாமாக வரைந்தபோது புதுமை கூடியதைக் கண்டார்கள். இரண்டும் ஓவியம், வடிவம் தொடர்பானவை. எழுத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. முதல் குழுவினர் எடுத்துக்காட்டைப் பார்க்க மட்டும் செய்தார்கள், இரண்டாவது குழுவினர் தம் கையால் செய்து பார்த்தார்கள் என்பது மட்டும் பிராங்க்ளினை நினைவூட்டுகிறது.

எழுதுவதைப் பார்ப்பது

பேரி சிம்மர்மனும் அனஸ்டாசியா கிட்சன்டாஸும் 2002இல் கல்லூரி மாணவரிடம் செய்த ஆய்வு, வாக்கியங்களைத் திருத்தி எழுதும் பயிற்சி பற்றியது. ஒரு குழு பிழையே இல்லாமல் செய்து காட்டுபவரைப் பார்த்தது. இன்னொரு குழு, முதலில் தவறு செய்து, பிறகு அதைக் கண்டு திருத்திக்கொள்பவரைப் பார்த்தது. இரண்டாவது குழு மேலாகச் செய்தது. எவரையும் பார்க்காத குழு கடைசி.

மகாவித்துவான் சொல்ல மாணவர் எழுதிய காட்சியை இங்கே வைத்துப் பார்க்கலாம். அந்த ஏட்டில் எழுதியவருக்குக் கிடைத்தது எழுத்தாளர் எழுதும் நேரம். இன்றைய மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அச்சான பக்கம் மட்டுமே. எழுத்தாளரின் கையெழுத்துப் படிகள், அடித்தல் திருத்தல்கள், ஒரே கதையின் இதழ் வடிவமும் நூல் வடிவமும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடும். கரும்பலகையில் ஆசிரியரே ஒரு பத்தியைத் தடுமாறி எழுதிக் காட்டுவது அதைவிட எளிது. செலவு ஒரு சுண்ணக்கட்டி, கொஞ்சம் கூச்சம்.

யாருக்குப் பிடித்த நூல்?

நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009இல் ஆற்றிய உரை ஒன்றில் தன் முதல் கதைகளைப் பற்றிச் சொன்னார். ஏழு வயதில் அவர் எழுதிய கதைகளில் எல்லாரும் வெள்ளையர், நீலக் கண்ணர், பனியில் விளையாடினார்கள், ஆப்பிள் தின்றார்கள். அவர் நைஜீரியாவை விட்டு வெளியே போனதே இல்லை, அங்கே பனியும் இல்லை. படித்தது பிரிட்டிஷ், அமெரிக்கச் சிறார் நூல்கள். பின்னர் சினுவா அச்செபே, கமாரா லாயே ஆகியோரைப் படித்த பிறகே தன்னைப் போன்ற மனிதரும் கதையில் வரலாம் என்று தெரிந்ததாகச் சொல்கிறார்.

இந்தச் சாட்சியத்தை மாதிரிக்கு எதிராகச் சொல்பவர் உண்டு. எனக்கு இது இரண்டு பக்கமும் பேசுவதாகப் படுகிறது. பிடித்த நூல் அவரை எழுதவும் வைத்தது, எழுத்தைத் திருடவும் செய்தது. திருடியதை மீட்டுக் கொடுத்ததும் வேறு நூல்கள்தான். மாதிரி ஒன்றாக இருப்பதில்தான் ஆபத்து அதிகம் என்று இதிலிருந்து சொல்லலாம்.

பத்தாம் வகுப்பில் ஒரு முரண்

தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்ட நூல்கள் நவீன எழுத்தாளர் பலரை வகுப்பறைக்குக் கொண்டுவந்தன. பத்தாம் வகுப்பு விரிவானத்தில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யும் கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்க'ளும் பகுதிகளாக உள்ளன. கரிசல் மண்ணின் பேச்சை அச்சுக்குக் கொண்டுவந்து, வட்டார வழக்குக்கு அகராதியே தொகுத்தவர் கி.ரா. அவரைப் படிக்கும் பிள்ளைக்கு, தன் வீட்டுப் பேச்சும் எழுத்தாகலாம் என்ற துணிச்சல் வர வேண்டும். ஆனால் பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக என்பது நம் மொழிப்பயிற்சிகளில் திரும்பத் திரும்ப வரும் வினா. கி.ரா.வைப் படிக்கலாம், கி.ரா. செய்ததைச் செய்யக்கூடாது என்றுதான் பிள்ளை இதைப் புரிந்துகொள்ளும். பொது எழுத்துத் தமிழ் தேவையில்லை என்பதல்ல. பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தொலைவுள்ள மொழியில் நல்ல எழுத்து மாதிரிகள் இன்னும் அதிகமாகவே வேண்டும். எது எங்கே என்று சொல்லிக்கொடுப்பதில்தான் பாடம் இருக்கிறது.

'நயம் பாராட்டுக' வினாவின் கதியும் இதுவே. ஒரு கவிதையில் தனக்குப் பிடித்ததைச் சொல்ல மாணவருக்குக் கிடைக்கும் இடம் அது. நோட்ஸ் புத்தகங்களில் அது மையக்கருத்து, திரண்ட கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சந்தம் என்று தலைப்பிட்ட அட்டவணையாகிவிட்டது. எதுகைக்கு இரண்டு சொல்லை எடுத்து எழுதி அடிக்கோடிட்டால் மதிப்பெண் விழும். கவிதை பிடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்பதற்கும் ஆயத்த வரிகள் கிடைக்கின்றன. பள்ளிக்கல்வித் துறை நடத்தும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் மதிப்பெண் இல்லாத இடத்தில் பிள்ளைகளை எழுத அழைக்கின்றன. அங்கே என்ன வருகிறது, தேர்வுத்தாளில் என்ன வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ள வேலை.

இன்னும் தீராதவை

நல்ல நூலைக் காட்டினால் மட்டும் எழுத்து பெரிதாக வளர்வதில்லை என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். நூலிலிருந்து ஒரு செயலை எடுத்துக் கையால் செய்து பார்ப்பதும், எழுதுபவர் தடுமாறித் திருத்துவதைப் பார்ப்பதும் அதைவிடப் பயன் தரும் என்பதற்குச் சான்றுகள் உண்டு, முடிந்த முடிவாகச் சொல்லும் அளவுக்கு அல்ல. ஆசிரியருக்குப் பிடித்த நூலுக்கும் மாணவருக்குப் பிடித்த நூலுக்கும் விளைவில் வேறுபாடு உண்டா என்பது திறந்தே கிடக்கிறது. ஜெயகாந்தன் பாணியில் ஒரு பத்தி என்று கேட்டால் இயந்திரம் நொடியில் கொடுத்துவிடும் இந்நாளில், பாணியைப் போலச்செய்யும் வீட்டுப்பாடத்துக்கு என்ன பொருள் என்பது புதிய சிக்கல். மூலத்தை மூடிவைத்து எழுதி, பிறகு திறந்து ஒப்பிடும் பிராங்க்ளின் பயிற்சி வகுப்பறைக்குள் செய்யத்தக்கது என்பதால் அதற்கு மறுபடி மவுசு வரலாம்.

மேலே சொன்ன அளவீடுகள் எதுவும் தமிழில் எழுதும் பிள்ளைகளிடம் எடுத்தவை அல்ல. இரட்டை வழக்குள்ள நம் மொழியில் மாதிரி நூல் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதே பிள்ளைகளின் எழுத்தை மூன்று நான்கு ஆண்டுகளாவது பின்தொடர வேண்டும். அதற்கான சான்று ஒவ்வொரு பள்ளியிலும் கட்டுரை நோட்டு வடிவில் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் அது பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது. தமிழாசிரியர்கள் இந்த ஆண்டு ஒரு வகுப்பின் கட்டையாவது எடைக்குப் போடாமல் எடுத்து வைக்க வேண்டும்.